செவலையின் காதில் மூன்று பொங்கல்

வக்கீல் தினகரன் சார் தன் ஸ்கூட்டர் சாவியால் ஒரு மாட்டுக் காது வில்லையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் சாவி. மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. நீலப் பெயிண்ட் செதில் செதிலாக அதன்மேல் விழுந்தது.

புதுச்சேரியில் நுகர்வோர் ஆணையத்தின் அறை அது. மேடையில் தலைவரும், அவருக்கு இரண்டு பக்கமும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் தூள் பறந்துவிடக் கூடாதென்று டவாலி மின்விசிறியை நிறுத்திவிட்டிருந்தார். எல்லோருக்கும் வியர்த்தது.

"மெதுவா சார், மெதுவா. எண்ணையும் சேர்த்து வழிச்சுடாதீங்க" என்றார் எங்கள் ரெஜினா மேடம்.

"நீங்கதானே மேடம் என்னையே சுரண்டச் சொன்னீங்க? சுரண்டறேன்" என்றார் தினகரன் சார். அவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல்.

எங்கள் கட்சிக்காரர் அஞ்சலை முதல் பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். செத்துப்போன அவருடைய பசுவின் காதில் இருந்த வில்லை அது. பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எண்ணும் பாலிசியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவருக்கு இன்னொரு மாடு. இல்லையென்றால் மாடும் இல்லை, ஊரில் பேரும் இல்லை.

நான் மேடத்துக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பத்தொன்பது, இருபது வருடமாக நான் நிற்கும் இடம் அதுதான்.

பேசாத குமாஸ்தா

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர், 'நீங்கள் கோர்ட்டில் எப்போதாவது வாய் திறந்ததுண்டா?' என்று கேட்டு எழுதியிருந்தார். சரியான கேள்விதான். எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்து, அவர்கள் பின்னாலேயே இறங்கிவிடுவேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தம்.

சொந்த ஊர் செல்லிப்பட்டு. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் யாரோ ரெஜினா மேடத்திடம் சொல்லியிருக்கிறார்கள்.

வில்லியனூரில் சைக்கிள் கடைக்கு மேலே மேடத்தின் ஆபீஸ். முதல் நாள் போய் நின்றேன். மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையாட்டினேன்.

"பேச மாட்டீங்களா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"நல்லதாப் போச்சு. இங்க பேசறதுக்கு நான் ஒருத்தி போதும். நாளைக்கு வந்துடுங்க."

மேடத்திடம் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டுவது அப்படித்தான் பழக்கமானது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுவேன். கோர்ட்டில் மேடம் வாதாடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து நீட்டுவேன். திரும்பிப் பார்க்காமலேயே கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து வாங்கிக்கொள்வார். மற்ற குமாஸ்தாக்கள், "இன்னா பெருமாளு, இன்னிக்கி இன்னா ராசிபலன்?" என்று கிண்டல் செய்வார்கள்.

பாலிசியின் கடைசிப் பக்கம்

மேடத்தின் அப்பாவும் அம்மாவும் பாகூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, புதுச்சேரியில் சட்டம் முடித்து, ஒரு பெரிய வக்கீலிடம் சேர்ந்தார். அவரிடம் இருந்ததெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக் கட்டுகள். அதனால் மேடமும் ஆரம்பத்தில் கம்பெனி பக்கம்தான் நின்று வாதாடியிருக்கிறார். ஏழெட்டு வருடம். நிறைய ஜெயித்திருக்கிறார்.

ஏன் பக்கம் மாறினார் என்று ஒருமுறை அவரே சொன்னார். மண்ணாடிப்பட்டுக்காரர் ஒருவருடைய மோட்டார் பம்பு வழக்கு. கம்பெனிக்குத் தகவல் கொடுக்க இரண்டு நாள் தாமதம் என்று அந்த வழக்கை மேடம் உடைத்துவிட்டார். வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்பில் அந்த ஆள். கோபமில்லை, ஒன்றுமில்லை. பக்கத்தில் வந்து, "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன், சொல்லு. அடுத்த தபா அப்டி செய்ய மாட்டேன்" என்று கேட்டிருக்கிறார்.

"நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு கலியபெருமாள். கிண்டலே இல்ல. பஸ் வந்தது, ஏறிட்டேன். அது என் ஊர் பஸ்ஸே இல்ல."

அந்த மாதக் கடைசியில் கம்பெனிக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதிரணியில் இருந்து வந்ததால் மேடத்துக்குக் கம்பெனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே தெரியும். எந்தப் பாலிசி வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்பக்கத்துல குடுப்பான். பின்பக்கத்துல பிடுங்குவான்" என்பார்.

இன்னொரு பழக்கம், எதுவானாலும் நேரில் போய்ப் பார்ப்பார். கோழிக்கொட்டகை என்றால் கொட்டகைக்கே போவார். அப்படி ஒரு கோழிக்கொட்டகை வழக்கு இருந்தது. புயலில் கூரை பறந்துவிட்டது. கம்பெனியோ, 'அன்று அடித்தது வெறும் காற்று, புயல் அளவுக்கு இல்லை' என்றது. கம்பெனியின் சர்வேயர் கூண்டில் நின்று அதையே சொன்னார்.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காத்து அடிச்ச மறுநாளே நீங்க ஏன் போய்ப் பார்க்கல?"

"எப்படிம்மா போறது? வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்துச்சே, ரெண்டு நாளா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. நீதிபதி முகத்தைக் கைக்குட்டையால் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

டிபன் பாக்ஸில் வந்த வழக்கு

அஞ்சலை ஒரு செவ்வாய்க்கிழமை மாடி ஏறி வந்தார். கூடவே அவர் மகள் சுதா. பாகூர்ப் பக்கம் ஓர் ஊர். பெயரை எழுதினால் அஞ்சலை சண்டைக்கு வருவார், வேண்டாம். உட்காராமலேயே ஒரு சில்வர் டிபன் பாக்ஸை மேசைமேல் வைத்தார். மேடம் சாப்பாடு என்று நினைத்து, "எதுக்குங்க இதெல்லாம்" என்றபடி திறந்தார். உள்ளே பளபளவென்று நீல நிறத்தில் ஒரு வில்லை.

"செவல காதுல இருந்த கம்மலும்மா" என்றார் அஞ்சலை.

இன்சூரன்ஸ் செய்யும் மாட்டின் காதில் எண் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் குத்திவிடுவார்கள். மாடு செத்தால் அந்த எண்தான் அடையாளம். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை என்று பாலிசியிலேயே இருக்கும், மேடம் சொல்லும் அந்தக் கடைசிப் பக்கத்தில்.

"மஞ்சளாத்தான இருக்கும்? இது இன்னா நீலம்?" என்றார் மேடம்.

அஞ்சலை மகளைப் பார்த்தார். சுதா தரையைப் பார்த்தது.

"மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சோம்மா. மிச்சம் இருந்துச்சி. கொம்பு நீலமா இருக்குது, காதுல மட்டும் மஞ்சளாத் தொங்குது, எடுப்பா இல்லன்னு இவதான் அதுக்கும் ஒரு கோட்டு இழுத்தா. நான்தான் அடிக்கச் சொன்னேன், இவ மேல தப்பு இல்ல."

"உங்க வூட்டுல மட்டுமா?"

"எங்க தெருவுல எல்லா மாட்டுக்கும் அப்டித்தாம்மா. மேட்சிங்."

மேடம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அஞ்சலைக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்து அவர் நீட்டிய கடிதத்தில் சிரிப்பு இல்லை. செவலை வயிறு உப்பிச் செத்திருக்கிறது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, 'வில்லை முழுவதும் பெயிண்ட், எண் தெரியவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. எண்ணை மறைத்திருப்பதால் வேறு மாட்டின் வில்லையோ என்று சந்தேகம் எழுகிறது, கோரிக்கையை நிராகரிக்கிறோம் என்று எழுதி, வில்லையையும் திருப்பி அனுப்பிவிட்டது.

"மாடு போனதுகூட ஆறிடும்மா. பால் சொசைட்டி செக்ரட்டரி இந்தக் கடுதாசியப் படிச்சுட்டு ஊர் பூரா சொல்றாரு. அஞ்சல வேற மாட்டுக் கம்மலக் கொண்டாந்து ஏமாத்தப் பாத்தா, கம்பெனிக்காரன் புடிச்சுட்டான்னு. கேனத் தூக்கிக்கினு போறவங்கல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்கோ. நான் பொய் சொல்லலன்னு யாராச்சும் சொல்லணும்மா."

மேடம் வில்லையைத் தொடவே இல்லை. "யாராவது சுரண்டிப் பார்த்தீங்களா?"

"சுரண்டலாம்னுதான் கத்தி எடுத்தேன். இவதான் வுடல."

"பொழைச்சீங்க. அப்படியே மூடி வைங்க. நீங்க சுரண்டினா நீங்களே எழுதிக்கிட்டதும்பான். நான் சுரண்டினா நான் மாத்திட்டேன்பான்."

மறு வாரம் மேடத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அந்த ஊருக்குப் போனேன். தெருவில் பச்சைக் கொம்பு, பச்சை வில்லை. சிவப்புக் கொம்பு, சிவப்பு வில்லை. ஒரு வீட்டில் இரண்டு வண்ணம் கலந்துகூட அடித்திருந்தார்கள். மேடம் வீடு வீடாக நின்று, "அடுத்த பொங்கலுக்குக் கொம்போட நிறுத்திக்குங்க தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெரியவர், "அப்ப மாடு நல்லாவே இருக்காதேம்மா" என்று வருத்தப்பட்டார்.

சுதாவின் போன்

யார் சுரண்டினாலும் சந்தேகம் வரும் என்பதால்தான், ஆணையத்தில் வைத்து, எதிர்க்கட்சி வக்கீலே தன் கையால் சுரண்டட்டும் என்று மேடம் கேட்டார். தலைவர் சரி என்றார். தினகரன் சாரால் மறுக்க முடியவில்லை. சாவியை எடுத்தார்.

நீலம் உதிர்ந்தது. அடியில் மஞ்சள் வரவில்லை. சிவப்பு வந்தது.

"இதென்ன, இன்னும் இருக்கு?" என்றார் தினகரன் சார்.

சிவப்பைச் சுரண்டினார். பச்சை வந்தது. உறுப்பினர் அம்மா மேடையிலிருந்தே சிரித்துவிட்டார். பச்சையும் போன பிறகுதான் மஞ்சள் பிளாஸ்டிக் தெரிந்தது. எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேடம் பாலிசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அஞ்சலையின் உதடும் அசைந்தது. எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது.

கடைசி இரண்டு எண்கள் இல்லை.

அந்த இடத்தில் நீலத்துக்கு அடியில் வேறு வண்ணமே இல்லை, பிளாஸ்டிக்கே தேய்ந்து மழமழவென்று இருந்தது. செவலை காதைச் சுவரில் உரசி உரசித் தேய்த்திருக்கிறது.

தினகரன் சார் நிமிர்ந்தார். முகத்தில் தெம்பு வந்துவிட்டது. "சார், முதல் எண்கள் ஒரே மாதிரி நூறு வில்லையில இருக்கும். கடைசி ரெண்டுதான் இந்த மாடா, அந்த மாடான்னு சொல்றது. அது இல்லாம இதை ஏத்துக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம்தான். மேடம் பாலிசியின் பக்கங்களைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். அவர் அப்படிச் செய்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு மட்டும் தெரியும். அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்து, "இன்னாண்ணே, போச்சா?" என்று கிசுகிசுத்தார்.

எனக்குக் கண் அந்தச் செய்தித்தாள்மேலேயே இருந்தது. நீலத்தூள், சிவப்புத்தூள், பச்சைத்தூள். எங்கள் வீட்டிலும் மாடு உண்டு. வருடம் ஒரு வண்ணம்தான் வாங்குவோம், ஒரு சின்ன டப்பா. பாலிசி எடுத்த பிறகு வந்தது மூன்று பொங்கல்.

காலண்டர் தாளை எடுத்தேன். கட்டின்மேல் வைத்து எழுதினேன். மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கொண்டுவரவில்லை. முதல்முறையாக அவர் தோளைத் தொட்டேன்.

"அதென்ன பேப்பர்?" என்றார் தலைவர்.

"எங்க குமாஸ்தா குறிப்பு சார்."

"வழக்கு சம்பந்தமாவா? அப்ப சத்தமா படிங்க. எதிர்க்கட்சிக்கும் தெரியட்டும்."

மேடம் படித்தார். "'மேடம், மூணு கலர் இருக்குது. மூணு பொங்கல். இதே வில்லை மூணு வருஷமா அந்தக் காதுலயே இருந்திருக்குது. சுதா போனில் பொங்கல் போட்டோ இருக்குமா கேளுங்க.'" அங்கே நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வரி இருக்கிற மாதிரி தெரியுதே?" என்றார் தலைவர்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படித்தார். "'தினகரன் சார் நகமெல்லாம் பெயிண்ட், பாவம்.'"

அறையே சிரித்தது. தினகரன் சார் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு அவரும் சிரித்துவிட்டார். நான் கட்டுகளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன்.

சுதா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது. போனில் தேட ஐந்து நிமிடம் ஆனது. எத்தனை போட்டோ! கடைசியில் கிடைத்தது. இந்தப் பொங்கல்: சுதா, செவலை, நீலக் கொம்பு, நீல வில்லை. போன பொங்கல்: சிவப்பு. அதற்கு முந்தைய பொங்கல்: பச்சை, செவலை நாக்கை நீட்டி போனை நக்க வருகிறது. ஒவ்வொரு போட்டோவிலும் தேதி இருந்தது. செத்த பிறகு டாக்டர் எடுத்த படத்தில் இருந்ததும் நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி, அதே மாடு.

போட்டோவில் எண் தெரியாதே, அது எதற்கு என்று நினைத்து, யாருமே இதுவரை போட்டோ இருக்கிறதா என்று கேட்காமல் விட்டிருந்தோம்.

"சார், ஏமாத்த நினைக்கறவங்க வேற மாட்டு வில்லையைக் கொண்டுவரலாம். ஆனா மூணு பொங்கலை எங்கிருந்து கொண்டுவருவாங்க?" என்றார் மேடம். குரல் பழையபடி வந்துவிட்டது.

தினகரன் சார் முறைப்படி ஆட்சேபணை சொன்னார். போட்டோக்களுக்குச் சான்று வேண்டும் என்றார். அடுத்த வாய்தாவில் மேடம் அதையும் தாக்கல் செய்தார். சுரண்டிய அன்று போகும்போது தினகரன் சார் என் பக்கத்தில் வந்து, "பெருமாள், இது எதுல போகும்?" என்று நகத்தைக் காட்டினார். மண்ணெண்ணெய் என்று சொல்ல நினைத்து, அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரி

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கம்பெனி பணத்தைக் கொடுக்க வேண்டும், செலவுத் தொகையும் சேர்த்து. அஞ்சலைக்குப் போன் செய்து மேடம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது.

"சந்தோசம்மா. ஆனா அதுல நான் பொய் சொல்லலன்னு எழுதியிருக்குதா?"

மேடம் தீர்ப்பை என் பக்கம் தள்ளினார். எனக்கு ஆங்கிலம் விரல் வைத்துத்தான் படிக்க வரும். ஏழாவது பக்கத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதி மேடத்திடம் காட்டினேன். ஒரு சொல்லை மட்டும் திருத்தினார்.

"நாளைக்குக் காலையில நீங்களே போய்ப் படிச்சுக் காட்டிடுங்க. எனக்குக் கடலூர்ல கேஸ்" என்றார். வீட்டில் வைத்துப் படிப்பது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அஞ்சலை பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக நடந்தார். பால் சொசைட்டி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். கேனும் தூக்குமாக முப்பது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க. கோர்ட்டுல இருந்து வந்துருக்காரு. படிப்பாரு" என்றார் அஞ்சலை.

தாளை அவரிடமே நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு எங்கண்ணே படிக்கத் தெரியும்? நீங்க படிங்க."

படித்தேன். "மனுதாரர் அஞ்சலை எதையும் மறைத்தார் என்றோ, மாற்றினார் என்றோ காட்ட ஒன்றுமில்லை. அவர் சொன்னது உண்மை என்றே இந்த ஆணையம் முடிவு செய்கிறது."

வரிசையில் நின்ற ஒரு அம்மா, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். "நீ எப்படி சொன்ன? நீயும் சேர்ந்துதான சிரிச்ச?" என்றார் பின்னால் நின்றவர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப்போனேன். அஞ்சலை என் முழங்கையைப் பிடித்தார். தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"அண்ணே, மடிக்காதீங்க. செக்ரட்டரி இப்பத்தான் வர்றாரு. முதல்லேருந்து படிங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா."

தாளைப் பிரித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.